நாலரை

மொந்தேவிதேயோவில் பந்தயக் குதிரை ஓட்டிய
எல்பியோவிடம் ஒன்பது நோட்டுகள் இருக்கின்றன.

முதலாவதில் அவருக்கு வயது பத்தொன்பது.
ஆப்பிள், பாதி.
மாத்தே, சர்க்கரை இல்லாமல்.
முட்டை, வெள்ளைக்கரு மட்டும்.
பக்கத்துக்குப் பக்கம் அடியில்
ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கோடு கிழித்திருக்கிறார்.
ஜாக்கிக்கு அதற்கு மேல் உடம்பு கூடாது.
தங்கை கல்யாணத்தில் தின்ற கேக்கை எழுதவில்லை.
மறுநாள் அவரைச் சுமந்த குதிரைக்குத் தெரியும்.

இடுப்பெலும்பு உடைந்து சேணத்தை விற்ற பிறகும்
எதற்கு எழுதினார் என்று கேட்டால்
கைப்பழக்கம் என்பார்.
கொஞ்சம் கண்ணாடிக்காகவும்தான்.
நேலிதா வந்த வருடம் மூன்று மாதம் வெற்றுத்தாள்,
நடுவில் ஒரே ஒரு வரி:
வறுத்த மீன். எவ்வளவு என்று பார்க்கவில்லை.

ஐந்தாவது நோட்டில் சர்க்கரை வியாதி.
டாக்டருக்காக எழுதுவது
வட்டிக்கடைக்காரனுக்குக் கணக்குக் காட்டுவதுபோல் இருக்கிறது
என்று ஓரத்தில் கிறுக்கல்.

ஒன்பதாவது அவருடையதே அல்ல.
சோளக்களி, நான்கு ஸ்பூன்.
பூசணி சூப், உதடு நனையுமளவு.
மாலை: வேண்டாமாம்.
குளியலறையில் அந்தப் பழைய எடைமெஷின்.
நேலிதாவைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று
தன் எடையைக் கழித்துப் பார்க்கிறார்.
நாற்பத்தொன்று.
நாற்பது.
முப்பத்தொன்பதரை.

வியாழக்கிழமை நர்ஸ் வருவாள், வாங்கிப் படிப்பாள்.
புதன் இரவு சமையலறையில் உட்கார்ந்து
நான்கை ஐந்தாகத் திருத்துகிறார்.

பேனா கீறும் சத்தம் உள்ளறைவரை கேட்டிருக்கிறது.
"ஐந்தென்றால் நம்பமாட்டாள், எல்பியோ.
நாலரை போடு."