மூன்றாம் கமரா

டில்பரித் துறைமுகத்துக்குப் போகிற வழியில்
கடைசிப் பெற்றோல் நிலையம் எங்களுடையது.
எங்களுடையது என்றால் செல்வறஞ்சன் அண்ணருடையது.
இரவு மட்டும் என்னுடையது.

பதினொன்றுக்குக் கதவைப் பூட்டிவிடுவேன்.
பிறகு ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஒரு லாச்சி.
காசு உள்ளே வரும், சிகரெட் வெளியே போகும்.
விரல்களைத்தான் பார்ப்பேன், முகங்களை அல்ல.

மூன்று பத்துக்கு ஒரு வெள்ளை வான் வந்தது.
பக்கவாட்டில் குழாய் திருத்துபவர்கள் என்று எழுதியிருந்தது.
குழாய்க்காரர் அந்த நேரத்திலும் வருவதுண்டு.
நாலு பேரும் ஒரே மாதிரிப் புதுச் சப்பாத்துப் போட்டு
வருவதில்லை.

தலைமயிர் முழுக்கச் சீமெந்துத் தூள்.
நாலு பேரும் ஒரே இரவில் நரைத்துப்போயிருந்தார்கள்.
கழுத்துத் தடித்தவன் பம்பைப் பிடித்தபடி
மற்றவனைத் தூசணத்தால் திட்டிக்கொண்டிருந்தான்.

எட்டு மாதம் திட்டம் போட்டார்களாம்,
பேப்பரில் பிறகு படித்தேன்.
பக்கத்துக் கடையின் நிலவறை, சுவரின் தடிப்பு,
அலாரத்தின் வயர், காவலாளி தேத்தண்ணி போடும் நேரம்
எல்லாம் எழுதி வைத்திருந்தார்களாம்.
டீசல் அடிக்க
ஒருத்தனும் நினைக்கவில்லை.

கடைசியாக இறங்கினவன் பெடியன்.
இருபது இருக்கும், மிஞ்சினால்.
இடது கையை பெனியனால் சுற்றியிருந்தான்.
பெனியன் எந்த நிறம் என்று
இனி யாராலும் சொல்லமுடியாது.

பால் இருக்கிறதா என்று கேட்டான்.
பிளாஸ்டரும்.
இரண்டையும் லாச்சிக்குள் வைத்து
நாலு பவுண் பத்து என்றேன்.

வானுக்குள் எத்தனை மில்லியன் இருந்தது என்று
இன்னும் கணக்குப் பார்க்கிறார்களாம்.
அவனிடம் சில்லறை இல்லை.
நாளைக்குத் தருகிறேன் என்றான்.
கடன் கேட்பவன் எந்த ஊரிலும்
அதைத்தான் சொல்வான்.

"கைரன், ஏறடா வானில்!"
ஏறினான். பாலைக் குடித்தபடியே ஏறினான்.
மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.
என் காற்சட்டைப் பையிலிருந்து நாலு பவுண் பத்தை எடுத்து
மெஷினில் அடித்து
கல்லாவுக்குள் போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
கணக்குச் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பொலிஸ் வந்தபோது அடுத்த நாள் பின்னேரம்.
சார்ஜன்ட் ப்ராட்வெல், ஒரு பொம்பிளை.
என் கதிரையில் இருந்து
என் கமராக்களின் படத்தைப் போட்டுப் பார்த்தாள்.
கறுப்பு வெள்ளை, சத்தம் கிடையாது.
வான் வரும், நிற்கும், போகும்.
எட்டுத் தடவை பார்த்தாள்.
எட்டாவது தடவை வான்
கொஞ்சம் பிந்தி வந்தது போலிருந்தது எனக்கு.

முதலாவது கமரா பம்பை மட்டும் பார்க்கும்.
இரண்டாவது தெருவை.
நாலாவது சொக்லேற் தட்டை.
கண்ணாடிக்கு முன்னால் நிற்பவனைப் பார்க்கிற மூன்றாவது
ஆனி மாதமே செத்துப்போய்விட்டது.
திருத்தக் காசில்லை என்று அண்ணர் சொன்னார்.

"யாராவது கிட்ட வந்தார்களா?
முகத்தைக் கண்டாயா?"

என் ஊரில் முகமூடி போட்டவன்
கொள்ளைக்காரன் இல்லை.
சாக்கால் மூடிய தலை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை வரிசையாக நடத்த
ஜீப்புக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான்.
அந்தத் தலை ஆடினால்
ஒருத்தன் அன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டான்.
என் தலை அன்றிலிருந்து
இப்படியும் ஆடாது, அப்படியும் ஆடாது.

"இருட்டு, மேடம்" என்றேன்.
எங்கள் வெளிச்சம் நெடுஞ்சாலை வரைக்கும் தெரியும்.

அவள் எழுதவில்லை.
பற்றுச்சீட்டுச் சுருளை இழுத்து
விரலால் வாசித்துக்கொண்டே போனாள்.
மூன்று பதினொன்று, டீசல்.
மூன்று பதினாலு, பால்.

"பால் எனக்குத்தான். நெஞ்செரிவு."

நிமிர்ந்து பார்த்தாள்.
"பிளாஸ்டர்?"

இரண்டு கையையும்
மேசைக்குக் கீழே இறக்கினேன்.