முந்நூறுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவே

குகையில் அன்றைக்கு வண்டி வேடிக்கை.
பந்தலுக்கு இடப்புறம் ஒரு பெட்டி, வலப்புறம் ஒரு பெட்டி,
இரண்டும் என் உயரம்.
நடுவில் நான், மிக்ஸர், பாதி தின்ற தட்டுவடை செட்.

ஒற்றைக் கொலுசு ஒன்றைக் கொண்டுவந்து
யாரோ கமிட்டி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள்.
பொருளாளர் அர்த்தநாரி தொண்டையைச் செருமினார்:
வெள்ளிக் கொலுசு, ஒரு கால் மட்டும்,
தவறவிட்டவர் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது:
ம்ம்ம் ஸ் ம்ம் ஸ்ஸ்.
ஏலம் என்று நினைத்து
ஒருவர் ஐந்நூறு என்று கை தூக்கினார்.

"வசந்தாமணியக்கா, இவ்ளோ நேரம் செட்டு நல்லாத்தான பாடுச்சு?"
பாடியது. கோளாறே அதுதான்.
இடது பெட்டியில் நடு ஸ்பீக்கர் போன வாரமே செத்தது.
குத்துப்பாட்டுக்கு அடி வேண்டும், மேலே கொஞ்சம் மினுக்கு வேண்டும்,
நடுவை யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவைத்திருந்தேன்.
இன்றைக்கு வலதும் போய்விட்டது.

பன்னிரண்டு திருகாணி.
வார்னிஷ் கருகிய வாடை.
மீட்டரை வைத்தால் முள் அசையவில்லை.
கெப்பாசிட்டர் உப்பிக் கிடந்தது.
அது வாசல்காரன். முந்நூறுக்குக் கீழே உறுமுவது எதையும்
உள்ளே விடாமல் நிற்க வேண்டியவன்.
அவன் சாய்ந்ததும் பாஸ் முழுக்க உள்ளே இறங்கி
கடுகளவு ஆட வேண்டிய காகிதக் கூம்பைக்
கட்டைவிரல் அளவு ஆட்டியிருக்கிறது.
தலைமுடி கனத்துச் செம்புக்கம்பி,
எவ்வளவுதான் தாங்கும்.

ம் என்ற முனகலை ஊஃபர் வைத்துக்கொள்ளும்.
ட்வீட்டருக்கு ஸ் போதும்.
அ ஆ இ ஈ, வாய் திறந்து சொல்கிற அத்தனையும்
இந்த ஆறங்குலக் கூம்பில்தான் குடியிருக்கிறது.
பள்ளிக்கூடத்தில் உயிரெழுத்து என்று எழுதிப்போட்டபோது
ஏன் அந்தப் பேர் என்று நான் கேட்கவில்லை.

வேனில் ஒரே ஒரு ஸ்பேர்.
ஒன்றரை வோல்ட் செல்லை முனைகளில் தொட்டேன்.
டப் என்றது. உயிர் இருக்கிறது.
அதன் முதுகுக்குத் தனி டப்பா மாட்டினேன்,
பக்கத்து ஊஃபர் விடும் மூச்சு இதைத் தள்ளிவிடக் கூடாது.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
புது கெப்பாசிட்டரைப் பற்றவைத்தேன்.
சிவப்பும் கருப்பும் மாறினால்
அது தள்ளும்போது இது இழுக்கும்,
இரண்டும் சந்திக்கிற இடத்தில் சொல் பள்ளத்தில் விழும்.
மாறவில்லை. இருமுறை பார்த்தேன்.

அர்த்தநாரி மறுபடி படித்தார்.
இந்த முறை ஐந்து பேர் வந்தார்கள்,
ஒற்றைக் கொலுசுக்கு.
ஐந்து பேரும் வலப்பக்கத்தில் நின்றவர்கள்.
ஒருவர் எடை சொன்னார்,
ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் கடையையே சொன்னார்,
ஓர் ஆள் அழக்கூடச் செய்தார்.
எதுவும் பொருந்தவில்லை.
கொலுசு நன்கொடை ரசீதுப் புத்தகத்தின் மேல் படுத்துக்கொண்டது.

விடியக்காலை, வீட்டில் டிவியோடு கிடந்த பழைய செட்டைப் பிரித்து
இடது பெட்டிக்கும் ஒரு நடு கொண்டுவந்தேன்.
சேர்வராயன் மலை அப்போதுதான்
கறுப்பிலிருந்து நீலத்துக்கு வந்துகொண்டிருந்தது.
ஹலோ சொன்னேன். ஒன்று இரண்டு மூன்று சொன்னேன்.
வேறு சொல்ல எதுவும் இல்லாமல்
வெள்ளிக் கொலுசு, ஒரு கால் மட்டும், என்றேன்.

காலி டம்ளர்களைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்த பாவாயி
துடைப்பத்தை நிறுத்தினாள்.
ராத்திரி முழுக்க அவளுக்கு இடப்பக்க டூட்டியாம்.
எடை தெரியவில்லை. கடை மறந்துவிட்டது.
"மணி பதினொண்ணு இருக்குங்க,
அதுல ஒண்ணு மட்டும் பேசாது."

தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த அர்த்தநாரி
கொலுசைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து
ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார்.
ஏழாவது.