பொறு

பதினொன்றரைக்குக் கறண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும் வரை
மைனஸ் எண்பதுப் பெட்டியின் கதவில் முதுகு சாய்த்து நின்றேன்,
என் பாரத்துக்குக் குளிர் அடங்கும் என்பதுபோல.

உள்ளே இருப்பது அக்கராயன் ஆடுகள்.
ஆடுகள் என்றால், அரிசியளவு மடித்துண்டுகள்,
மூடிகளில் நிறோஜனின் கோழிக்கிறுக்கல்:
ஈனாத மறி. சினை. குட்டி ஊட்டியது. பால் வற்றியது.
மூன்றாவதில் இரண்டு குழாய் குறைகிறது,
ஆரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் தேடுவது ஒரு இருபத்திரண்டு எழுத்துக்காரனை.
மைக்ரோ ஆர்.என்.ஏ.
புரதம் ஆகத் தெரியாது,
தன் கையால் ஒன்றும் கட்டாது.
கட்டளையைக் காவிக்கொண்டு ஓடுகிறவனின்
வாலில் தொற்றி
பொறு
என்கிறது.

மடியின் ஆழத்தில் சில மூலக்கலங்கள்
நாளமும் ஆகாமல், பாற்பையும் ஆகாமல்
இந்தச் சொல்லில்தான் தங்கியிருக்கின்றன.
எல்லாம் பாலாகிப் போனால்
அடுத்த ஈற்றுக்கு ஆர் மிச்சம்?
லெட்-ஏழு என்றொரு குழப்படிக்காரன் இருக்கிறான்:
காத்திருப்பவனிடமே போய்
காத்தது காணும் என்பான்.
அவன் குறைந்த இடத்தில் அவை மிஞ்சும்.
கூடிய இடத்தில்
முதிர்ந்து, வேலைக்குப் போய், திரும்பா.

பன்னிரண்டுக்கு என் சட்டை நனைந்தது.
கனகபுரத்தில் இயல் அழத் தொடங்கியிருப்பாள்.
நைதரசன் உருளைக்கும் சுவருக்கும் நடுவில் நின்று
ஐம்பது மில்லிக் குழாயில் பீய்ச்சினேன்,
கிருமி நீக்கியது, கணக்கில் எழுதாதது.
இதற்குள்ளும் அந்த எழுத்துகள் மிதக்கின்றன.
அவளுடைய குடலைத் தாண்டி ஏதும் சொல்லுமா என்ற வழக்கு
இன்னும் தீரவில்லை.

மாதிரி எடுக்கப் போன நாள்
புஸ்பமலர் அக்கா ஆட்டின் காலைப் பிடித்தபடி சொன்னா:
மூத்தவனுக்குப் பிறகு
எனக்கு ஒரே கிழமையில வத்தினது.
எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை.
மூத்தவன் எங்கே என்றும்.
ஏழு வருஷத்தால் இளையவள் பிறந்தபோது
நெஞ்சு நோக நோகச் சுரந்ததாம்.
"அவ்வளவு காலமும் எங்கயடி பிள்ளை இருந்தது?"

படம் கீறிக் காட்டலாம் என்று பேனையை எடுத்தேன்.
ஆடு உதைத்தது.
பேனை புழுக்கைக்குள் விழுந்தது.
அக்கா சிரித்தா, நானும்.
பதில் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது பெட்டி மைனஸ் அறுபத்தெட்டு காட்டுகிறது.
அறுபத்தொன்பது.
சிவப்பு விளக்கு அணையவில்லை.
என் குழாயை அதற்குள் வைக்க ஏலாது;
சாப்பாட்டுப் பையில்
தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்,
பெயர் ஒட்டாமல்.