ஒரு சாண் அலை

அறுநூறு கிலோமீட்டருக்கு மேலேயிருந்து
இறங்கி வருகிற அலையின் நீளம்
இருபத்து மூன்று சென்டிமீட்டர்.
மேசைமேல் கையை விரித்து வைத்துப் பார்த்தேன்.
கட்டைவிரல் நுனி, சுண்டுவிரல் நுனி:
சரியாக ஒரு சாண்.

கண்ணுக்குத் தெரிகிற ஒளி
மணலின் தோலோடு திரும்பிவிடும்.
இது கொஞ்சம் முரட்டு அலை.
ஈரமில்லாத மணல் என்றால்
ஓர் ஆள் ஆழம் புகுந்து
தட்டுப்பட்டதைத் தொட்டுவிட்டுத்
திரும்பிப் போகும்.
இப்ரிக்குத் தெற்கே ஈரம் என்பது
வானிலை அறிக்கையில் மட்டும் வருகிற சொல்.

அப்படித்தான் கிடைத்தது அந்தக் கோடு.
நாலு கிலோமீட்டர்,
சாம்பல் படத்தில் ஒரு நகக்கீறல்.
ஹுமைத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
"ஃபலஜ்" என்றான், மெதுவாக,
தூங்குகிற குழந்தையின் பெயரைச் சொல்வதுபோல.
நிலத்தடியில் நீர் நடந்த வழி.
ஆயிரம் வருடம் இருக்கும் என்றான்.
மத்தியானம் சாப்பிட்டு வந்ததும்
இரண்டாயிரம் என்றான்.
சாயங்காலத்துக்குள் அமைச்சகத்துக்கு
மின்னஞ்சல் போய்விட்டது.

எனக்கு ஒரே உறுத்தல்.
கோடு மிக நேராக இருந்தது.
தண்ணீர் அவ்வளவு நேராக நடக்காது.

வியாழக்கிழமை வண்டியில் போனோம்.
ஜிபிஎஸ் நிறுத்திய இடத்தில்
மணல், ஒட்டகப் புழுக்கை, கிழிந்த டயர் ஒன்று,
கொஞ்சம் தள்ளி ஒரு பம்ப் ஹவுஸ்.
அதன் நிழலில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தவர்
என் அரபியைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்
தமிழில் கேட்டார்:
"தங்கச்சிக்கு எந்த ஊரு?"

கோட்டைச்சாமி. முதுகுளத்தூர்ப் பக்கம்.
ஃபோனில் படத்தைக் காட்டினேன்.
கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்,
வெள்ளெழுத்து.
"நாங்க தோண்டுனதாச்சே இது!
ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. கேபிள் பள்ளம்.
மிஷினு ரிப்பேரு, பதினாறு பேரு கையாலயே."
ஆழம்?
"உள்ள நின்னா என் தலை தெரியாது."
எண்சாண் என்று நோட்டில் எழுதினேன்,
அடித்துவிட்டு மீட்டரில் எழுதினேன்.

ஹுமைதுக்கு மொழிபெயர்த்தேன்.
இரண்டாயிரம் வருடம்
அவன் முகத்தில் இடிந்து விழ
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
பிறகு சிரித்தான்.
சிரிப்பை எங்கே முடிப்பதென்று தெரியாமல்
கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தான்.

வண்டி கிளம்பும்போது
ஜன்னலைத் தட்டினார் கோட்டைச்சாமி.
"ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு.
பாதித் தூரத்துல கடப்பாரை
சொருக்குன்னு உள்ள போயிருச்சு,
தோளையே இழுத்துருச்சு.
ஓட்டை. உள்ளேருந்து குளுகுளுன்னு காத்து.
ஜூலை மாசம், தங்கச்சி!
வரிசையில நின்னு ஆளாளுக்கு
மூஞ்சியக் காட்டிக்கிட்டோம்.
இன்ஜினியர் வந்தாரு. பாத்தாரு.
மூடுன்னாரு. மூடிட்டோம்."

எங்கே?

ஜிபிஎஸ்ஸை நீட்டினேன், வாங்கவில்லை.
ஒரு கருங்கல் வரைக்கும் நடந்தார்,
திரும்பி மலையின் பிளவைப் பார்த்தார்,
இரண்டு எட்டு பின்னால் வைத்து
செருப்பால் கீறினார்: "இங்கன."

அன்றிரவு அலுவலகத்தில்
மூலத் தரவைத் திறந்தேன்.
புள்ளி இரைச்சலைச் சலித்துத் தள்ளிப்
படத்தைத் துலக்குகிற வடிகட்டி.
திங்கட்கிழமை அதைப் போட்டது
நான்தான்.
எடுத்தேன்.
திரை முழுக்கச் சாம்பல் கொதித்தது.
அவர் செருப்பு கீறிய இடத்தில்
நேர்க்கோட்டுக்குக் குறுக்கே,
லேசாக வளைந்து,
மூன்று புள்ளி.
நாலாவது இருக்கலாம்.

அறிக்கைப் படிவத்தில்
'கண்டறிந்த கருவி' என்றொரு கட்டம்.
கடப்பாரைக்கு அரபியில் என்ன என்று
ஹுமைதிடம் கேட்டேன்.