ஈரக் கழிவு

பாறசாலை ஷோரூமுக்க கண்ணாடிக்கு உள்ளே ஏசி,
வெளியே சாஞ்சு பெய்யுது மழை.
செருப்பைக் களத்தணுமா வேண்டாமான்னு
ஒரு நிமிஷம் நின்னேன். களத்தல்ல.

பையனுக்க பேரு ஷைஜின்.
மலையாளத்துல தொடங்கினவன்
எனக்க முகத்தைப் பாத்துத் தமிழுக்கு வந்தான்.
"ஆன் ரோடு ஏழு எண்பத்தி நாலு, அக்கா."

நான் ஒண்ணும் பேசல்ல.
களியக்காவிளையில பத்தொம்பது வருஷமா
ரப்பர் ஷீட்டு எடுக்கியவ நான்.
முதல் விலைக்குப் பதில் சொல்லப்பிடாது.
ஷீட்டு கொண்டு வாறவனுக்க முகத்தைப் பாக்காம
தராசைப் பாக்கணும்.
இங்க தராசு இல்ல. காலண்டரைப் பாத்தேன்.
தேதி இருபத்தாறு. மாசக் கடைசி. நல்லது.

விலைத் தாளை வாங்கி
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிச்சேன். பழக்கதோஷம்.
ஷீட்டைத்தான் அப்படிப் பிடிப்பேன்.
வெளிச்சத்துல வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா ஈரம்,
ஈரம்னா கிலோவுக்கு ரெண்டு ரூபா கழிவு.
சில நாளு
தெரியாத புள்ளியும் எனக்குத் தெரியும்.

தாளிலயும் புள்ளி கிடந்தது.
ஹேண்ட்லிங் சார்ஜ் எட்டாயிரத்தி ஐநூறு.
"ஆரு இந்த வண்டியைக் கையில தூக்கி வச்சது?"
சிரிச்சுட்டே அடிச்சான்.
இன்சூரன்ஸ் அவங்ககிட்டயே எடுக்கணுமாம்.
மார்த்தாண்டத்துல மச்சினிக்க மொவன்
இதே கம்பெனி பாலிசியைப் பதினோராயிரம் குறைச்சுத் தாறான்னு சொன்னேன்.
"மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வாறேன்."

அவன் போன நேரத்துல
முன்கதவைத் திறந்து, குனிஞ்சு,
ஓரத்துல ஒட்டின தகட்டைப் படிச்சேன்.
எந்த எழுத்து எந்த மாசம்னு
கடைக்கு எதிரே ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிய வில்சன் எழுதித் தந்திருந்தான்,
பஸ் டிக்கெட்டுக்குப் பின்பக்கத்துல.

செப்டம்பர். இப்ப ஜூன்.
ஒரு பிள்ளை பெத்து எடுக்கிய காலம்
இந்த வண்டி சும்மா நின்னிருக்கு.

"இது போன ஓணத்துக்கு வந்த சரக்கு,"
திரும்பி வந்தவன்கிட்ட சொன்னேன்.
"நாப்பது கழி."
அவன் கண்ணாடி அறையைப் பாத்தான்.
உள்ளே ரெஜிகுமார் சார் போனைக் காதுல வச்சுட்டு
எங்களைப் பாக்காத மாதிரி பாத்தாரு.
"இருபத்தி ரெண்டு, அக்கா.
இதுக்கு மேல எனக்குக் கட்டாது."

கட்டாது.
எனக்க வாயில கிடந்து தேஞ்ச சொல்லு.
இந்தப் பக்கம் நின்னு
முதல் தடவையாக் கேக்கியேன்.

"அக்காவுக்கு என்னை ஓர்மையில்லையா?"
தாளைப் பாத்துட்டே கேட்டான்.
"செறுவாரகோணம் தாசையனுக்க மொவன்.
பிளஸ் டூ படிக்கும்ப சைக்கிள்ல ஷீட்டு கொண்டு வருவேன்.
பெருவிரலை வச்சு அமுக்கிப் பாப்பிய."
அவ்வளவுதான். ஈரம்ங்கிய வார்த்தையை அவன் சொல்லவே இல்ல.
பேனா மூடியைத் திறந்தான், மூடினான்.

முகத்தைப் பாத்திருந்தாத்தானே ஓர்மை வரும்.

மனசு கேக்காமலே கூட்டிச்சு:
வாரம் நாப்பது கிலோ, ரெண்டு ரூபா,
பால் வெட்டாத மழை நாளைத் தள்ளினா
ரெண்டு வருஷத்துக்கு ஆறாயிரத்துச் சில்லறை.

"நாப்பது வேண்டாம். முப்பத்தி நாலு தா."
ஆறு எங்கே போச்சுன்னு அவன் கேக்கல்ல.
நானும் விளக்கல்ல.
உள்ளே போனான், வந்தான், பின்னயும் போனான்.
முப்பத்தி ஒண்ணுல நின்னு போச்சு.
"மேட்டு ஃப்ரீயாப் போட்டுத் தாறேன், அக்கா.
ரெண்டாயிரத்து எண்ணூறு வரும்."

வெள்ளிக்கிழமை வண்டியைத் தந்தாங்க.
மாலை வேண்டாம், போட்டோ வேண்டாம்னேன்.
போட்டோ மட்டும் எடுத்தான்,
அவனுக்கு மேல அனுப்பணுமாம்.
நானே ஓட்டி வந்தேன்.
செக்போஸ்ட்டுக்கு முன்னால வரிசை நிக்க,
ஏசியை அணைச்சதும் அந்த மணம்.
காலுக்கு அடியில கறுப்பா, தடியா, ரப்பர் மேட்டு.
குனிஞ்சு பெருவிரலை வச்சு அமுக்கினேன்.
நல்லாக் காஞ்சுதான் இருந்தது.

பின்னால ஒருத்தன் ஹாரன் அடிச்சான்.
நாளைக்குச் சனி.
ஷீட்டு வரும்.