வெள்ளெழுத்து

கடையோடு சேர்ந்து வந்தது இந்த இழுப்பறை.
பத்திரத்தில் எழுதியிருந்தது:
சாய்வு நாற்காலி ஒன்று,
கண் சோதிக்கும் பலகை ஒன்று,
வந்து வாங்கப்படாத மூக்குக்கண்ணாடிகள் முப்பத்தொன்று.
அஸ்மாராவில் யாரும் எதையும் எறிவதில்லை.
நான் மட்டும் எறிவேனா?

ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை.
இத்தாலியக் கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து,
மழைக்கு ஒதுங்குகிறவர்கள் போல.
பெயர், தெரு, இடக்கண், வலக்கண், பாக்கி.
தெருவுக்கு அப்புறம் நாலு பெயர் ஆகிவிட்டது.
கொடி மாறியபோதெல்லாம் பலகை மாறியது;
என் வாசல் குழியை எந்த ஆட்சியும் மூடவில்லை.

விளையாட்டாகத்தான் தேடத் தொடங்கினேன்.

எர்சீலியோ கவனாகோ, ரயில்வே கணக்கர், கிட்டப்பார்வை.
மஸாவா இறங்கும் தண்டவாளத்தை
ஒரு வளைவுக்கு மேல் கண்டிருக்க மாட்டார்.
பிரெஷ்ஷாவிலிருந்து பேரன் எழுதினான்:
கப்பல் இறங்கியதும் ஒரு பள்ளிக்கூடத்தில் மணியடித்தாராம்,
முப்பது வருஷம்.
கண்ணாடி வேண்டாம், தபால் செலவு கட்டாது.

ஓஃபேலியா பிராம்பாத்தி, தொப்பிக் கடை.
இடக்கண்ணுக்கு மட்டும் அளவு; வலது வெறும் சில்லு.
நைரோபியில் ஒரு போர்க்கைதியை மணந்து
பெர்த்தில் கோழிப்பண்ணை வைத்து முடிந்தாள்.
தாய்க்கு ஒரு கண் தெரியாது என்பதே
என் கடிதம் பார்த்துத்தான் மகளுக்குத் தெரியும்.

ஸ்பீரோ கலிவாஸ். கார்ட்டூம் வரை சுவடு. பிறகு மணல்.

பத்தொன்பது வருஷத்தில் இருபத்திரண்டு பேர்.
செத்தவர்கள் சீக்கிரம் கிடைக்கிறார்கள்,
கல்லில், தேதியோடு.

கிடைக்காதவள் மரியா.
வெறும் மரியா.
தோரேல்லி வீடு, எண் பதினான்கு.
கிட்டத்துக்கு, இரண்டரை.
மாதம் நான்கு லீரா. பாக்கி பதினொன்று.
ஓரத்தில் ஒரு சொல்: பின்வாசல்.
தெருப்பெயர் என்று நினைத்து
அந்தப் பெயரில் ஒரு சந்தைத் தேடி அலைந்தவள் நான்.

தோரேல்லி வீட்டுச் சின்னப்பெண் பெர்கமோவில் இருந்தாள்.
எண்பத்தெட்டு வயது, நீல மை.
"எங்களில் மரியா யாருமில்லை.
சமையலறையில் இருப்பவளை மரியா என்போம்.
இவளுக்கு முன்னால் இருந்தவளும் மரியா,
பின்னால் வந்தவளும்.
சொந்தப் பெயர் இருந்திருக்கும். கேட்டதில்லை.
நல்லவள். அவள் தைத்த பொத்தான்தான் நிற்கும்.
சுவரில் அந்தக் காகிதப்பூக் கொடி இன்னும் இருக்கிறதா?"

கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.
அவளை இந்தத் தெருவின் முன்வாசலில் ஏறவிட்டிருக்க மாட்டார்கள்.
கடையின் பின்வாசலில் நான் இப்போது
குப்பை வைக்கிறேன்.

இந்த மழைக்காலத்தில் எனக்கும் வெள்ளெழுத்து.
ஊருக்கெல்லாம் கண் பார்ப்பவள்
செய்தித்தாளைத் தள்ளித் தள்ளிப் பிடித்து
கை போதாமல் போயிற்று.
அளவெடுத்தேன். இரண்டரை.
புதிதாகச் செய்யச் சோம்பல்;
மரியாவுடையதை எடுத்து மாட்டினேன்.
காதோரம் இறுக்கியது. சின்னத் தலை அவளுக்கு.

அட்டையைத் திருப்பினேன்.
இத்தனை காலம் அழுக்கென்று நினைத்தது
பென்சில்.
எங்கள் எழுத்து,
எண்ணெய் விரலோடு அழுத்தி எழுதியது:
லெ. தெ.
மீதியைப் பூச்சி தின்றுவிட்டது.

லெத்தெபிர்ஹானா, லெத்தெகிதானா, லெத்தெமிக்கேலா?
இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு லெத்தெ.
ரொட்டி வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவள்
ஒரு லெத்தெ.

அவள் கண்ணாடியோடுதான் பெர்கமோவுக்கு எழுதினேன்.
காகிதப்பூ இருக்கிறது, சுவரைப் பிளந்துகொண்டு.
பிறகு ஒன்று கேட்டேன்:
பொத்தான் தைக்கையில்
ஊசியை எந்தச் சன்னலுக்கு நேரே பிடிப்பாள்?
எத்தனையாவது தடவையில் நூல் ஏறும்?

மூன்று மாதமாகிறது. பதிலில்லை.
பாக்கிப் பதினொரு லீராவை
நான் இன்னும் அடிக்கவில்லை.