புண்பட்டிருந்தால்

"யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்
நிறுவனம் வருந்துகிறது."
சட்டப் பிரிவு எழுதித் தந்த கடிதம்
மூன்று நாளாக என் மேசையில் கிடக்கிறது.
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
டீ கிளாஸின் வட்டம்.

ஓக்லா, இரண்டாம் பேஸ், நவம்பர்.
புகைக்கு அந்தப் பக்கம்
எதிர்க் கட்டடம் இருக்கிறது என்று
நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

புண்பட்டிருந்தால்.
கடைசியில் உள்ள அந்த 'ஆல்' நல்ல கதவு.
அதன் வழியே பலமுறை
வெளியே போயிருக்கிறேன்.

கணக்குப் பிரிவில் வன்லால்ருவாதி,
ஐஸ்வாலிலிருந்து வந்து நான்கு வருடம்.
பெயர் வாயில் நுழையவில்லை என்று
முதல் வாரமே ஒரு தின்பண்டத்தின் பெயரை வைத்தார்கள்.
எங்கள் ஜெர்மன் வாடிக்கையாளரின் பெயர் அதைவிட நீளம்.
அது எல்லார் வாயிலும் நுழைந்தது.

லிஃப்டில் அவளிடம் விசா கேட்டார்கள்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
அவளுடைய சாப்பாட்டு டப்பாவைப் படமெடுத்து
'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதி
ஆபீஸ் வாட்ஸ்அப்பில் போட்டான்
விற்பனைத் தலைவன் முகுல் சேத்தி.
கீழே முப்பத்தொரு சிரிக்கும் முகங்கள்.
முப்பத்திரண்டாவதாக ஒரு கட்டைவிரல்.

அது என்னுடையது.

படிக்காமல் போட்டுவிட்டேன் என்றேன் வீட்டில்.
"செக்கில் அப்படிப் போடுவீர்களா?" என்றாள் மனைவி
பூண்டு உரித்துக்கொண்டே.

முகுல் கொண்டுவருவது விற்பனையில் நாற்பது சதவீதம்.
வேடிக்கைதானே சார், அவளும் சிரித்தாளே என்கிறான்.
சிரித்தாள்தான்.
லஜ்பத் நகரில் கரண்ட் போன ஒரு ராத்திரி
என் நிறத்தை வைத்து வீட்டுக்காரர் சொன்ன ஒன்றுக்கு
நானும் சிரித்தேன்.
வாடகை பாக்கி இருந்தது.

இந்தக் கதையை அவளிடம் சொல்ல நினைத்தேன்.
நாக்கு நுனிவரை வந்தது,
என்னையும் பார் என்று.
விழுங்கினேன்.
அவள் கேட்டது கதை இல்லை,
"என் அப்ரைசலில் இனியும் முகுல்தான்
கையெழுத்துப் போடுவாரா?"

இன்று காலை மோடி மில் பாலத்தடியில் சிக்னல் விழவில்லை.
வன் - லால் - ருவாதி.
வன்லால் - ருவாதி.
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
நான்கு வருடம் தாமதமான வீட்டுப்பாடம்.

கூட்டத்தில் அந்தப் பெயரை முழுதாகச் சொன்னேன்.
ஒரு எழுத்து தடுக்கியது. திரும்பச் சொன்னேன்.
விரல் போட்டவன் நான் என்றேன்.
விசாரிக்க வெளியாள் வருவார், என்னையும் சேர்த்து.
அதுவரை யாருடைய மதிப்பெண்ணும் முகுல் கையில் இல்லை.
எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
நாற்பது சதவீதம் எழுந்து
கதவைச் சாத்திக்கொண்டு போனது.
வயிற்றில் ஒரு குளிர்.
இல்லை என்று சொல்லமாட்டேன்.

கடிதத்தைத் திருத்தினேன்.
'நிறுவனம்' என்பதை அடித்தேன்,
வருந்துவதற்கு அதற்கு நெஞ்சு ஏது.
'ஆல்' போயிற்று.
புண்பட்டது. நான் பார்த்தேன். பேசாமல் இருந்தேன்.
சட்டப் பிரிவு இரண்டு முறை போன் செய்தது.

பேன்ட்ரி ஃபிரிட்ஜில் இன்னொரு தாள் உண்டு.
'வாடை வரும் உணவு வைக்கக் கூடாது.'
அதிலும் கீழே என் கையெழுத்து.
பதினாறு வருஷமாக என் வீட்டுக் கருவாடு
மயூர் விஹாரைத் தாண்டி வந்ததில்லை.
நகத்தால் சுரண்டினேன்.
பாதி கிழிந்தது, பாதி பிசினோடு நின்றது,
கையெழுத்துள்ள பாதி.

அவள் வந்தாள்.
டப்பாவை எடுத்து மைக்ரோவேவில் வைத்தாள்.
நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?
என் நகத்தைப் பார்த்தாள்.
"ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் வரும் சார்."

ஸ்பிரிட் எங்கே இருக்கும் என்று
எனக்குத் தெரியவில்லை.
அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.